பந்து போன பிறகு

வேடசந்தூர் ஆத்துமேட்டு டீக்கடையில் கபடிக்காகச் சண்டை வரும், கிரிக்கெட்டுக்காக வரும். ஹாக்கிக்காகச் சண்டை வந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மதியம். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் ஆடிக்கொண்டிருந்தன. 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பின்களத்தில் நம்பி நிற்கும் ஆள் அவர். சிவப்பு அட்டை என்றால் போனது போனதுதான், பதிலுக்கு இன்னொருவரை இறக்க முடியாது. மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் பதினோரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர்.

தாக்குப்பிடித்தார்கள். ஆட்டம் 1-1. ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பெயரைச் சொல்லிக் கடையே கத்தியது. சத்தம் அடங்கியபிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

நூற்பு மில்லில் ஷிப்ட் முடித்து வந்திருந்த அண்ணன் ஒருவர், "கேப்டன் கோல் போட்டாரு, கீப்பர் தடுத்தாரு. ஆட்டம் அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மிச்ச எட்டுப் பேரு நாப்பது நிமிசமா என்ன மாப்ள பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டார். "மன்பிரீத் சிங்கைப் பார்த்தியா? நடுக்களத்துல ஆடுற ஆளு. ரோஹிதாஸ் வெளிய போனதும் அந்த இடத்துல போயி நின்னுக்கிட்டாரு. முழு ஆட்டக்காரன்னா அவருதான்."

"அதுக்குப் பேரு எடுபிடி, சார்" என்றார் அண்ணன்.

அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. எடுபிடியா, முழு ஆட்டக்காரரா? ஒரே ஆள் தாக்குதலும் செய்து தடுப்பும் செய்தால், அவர் இரண்டிலும் அரைகுறை என்று அர்த்தமா, அல்லது அப்படி ஒருவர் உருவாவதே உடலின் ஒரு சாதனையா? டீக்கடையில் முடியாத வழக்கு இது. ஆனால் இதற்குள் எலும்பு, தசை, கண், கோணம் என்று ஏகப்பட்ட அறிவியல் சுருண்டு கிடக்கிறது.

வழக்கு நம்முடையது மட்டும் அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஆடும் ஹாக்கியில், முன்கள ஆட்டக்காரராக இருந்துகொண்டு தடுப்பிலும் சிறந்து நிற்பவருக்கென்றே 1978 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள். செல்க்கி கோப்பை என்று பெயர். முதல் நான்கு ஆண்டும் அதை வாங்கியவர் பாப் கெய்னி. பாட்ரிஸ் பெர்ஜெரோன் ஆறு முறை வாங்கினார். 1994-இல் செர்கெய் ஃபெடரோவ் ஒரே ஆண்டில் அந்த விருதையும், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கினார். "இரண்டு பக்கமும் போகிற ஆள்" என்று அங்கே சொல்வார்கள். அங்கேயும் டீக்கடைகள் இருக்கும் போலிருக்கிறது.

நம் ஊருக்கு இது புரியாத விஷயமே இல்லை. கபடியில் பாடிப் போகிறவன் கோட்டைத் தொட்டுத் திரும்பிய மறுநொடி பிடிக்கிற ஆளாகிவிடுகிறான். மூச்சு வாங்க நேரம் கிடையாது, எதிரணி ஆள் உள்ளே வந்துவிடுவான். கிரிக்கெட்டின் ஆல்ரவுண்டர் வேறு சாதி. அவர் மட்டை பிடித்து முடித்து, பேடைக் கழற்றி, சாப்பிட்டு, அதற்கப்புறம் பந்து வீசப் போகிறார். இரண்டு வேலை தெரிந்திருந்தால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் திறமை அவருக்குத் தேவையில்லை. ஹாக்கியில் அந்த மாறுதல்தான் எல்லாம். அது ஓரிரு நொடியில் நடந்து முடிகிறது.

மட்டையிலிருந்து தொடங்கலாம். ஹாக்கி மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது என்பது விதி. அதைவிட வேடிக்கை, இடதுகைக்காரர்களுக்கென்று தனி மட்டை கிடையாது. கிரிக்கெட்டில் இடதுகை ஆட்டக்காரர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திரும்பி நிற்கலாம். ஹாக்கியில் உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் மட்டை ஒரே மாதிரிதான். தட்டைப் பக்கம் எல்லோருக்கும் இடது பக்கம் பார்த்தே இருக்கும். அதனால் எல்லோரும் பந்தைத் தன் உடலின் வலப்புறம் வைத்து ஓட்டுகிறார்கள். இடப்புறம் வரும் பந்தை எடுக்க வேண்டுமானால் மட்டையைத் தலைகீழாகத் திருப்பி 'ரிவர்ஸ்' பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் எட்டும், ஆனால் பிடி பலவீனம், பந்தில் படும் பரப்பும் கொஞ்சம்.

இந்தச் சின்ன விதி மைதானத்தையே கோணலாக்கிவிடுகிறது. கோடு போட்ட மைதானம் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர், நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றாகப் பொருந்தும். ஆட்டக்காரர்களின் மைதானம் பொருந்தாது.

ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். எதிரணி ஆள் உங்களை நோக்கிப் பந்தோடு ஓடிவருகிறார். பந்து அவருக்கு வலப்புறம். நீங்கள் அவரைப் பார்த்து நிற்கிறீர்கள், ஆகவே அவருடைய வலது உங்களுக்கு இடது. அதாவது பந்து எப்போதும் உங்கள் பலவீனப் பக்கத்தை நோக்கித்தான் வருகிறது. தாக்குகிறவருக்குச் சாதகம், தடுக்கிறவருக்குப் பாதகம் என்று மட்டை செய்யும்போதே எழுதிவிட்டார்கள்.

தடுக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? நேராக நிற்க மாட்டார். கொஞ்சம் தன் இடப்பக்கமாக நகர்ந்து நின்று, "வா, இந்தப் பக்கமாப் போ" என்று தன் வலப்பக்கத்து வழியைத் திறந்து காட்டுவார். வருகிறவர் அந்த வழியில் போனால் பந்து இவருடைய பலமான பக்கத்தில் வந்து விழும். களத்தின் வலது ஓரத்தில் தடுப்பவருக்கு இது வரம். ஏனென்றால் அவருடைய வலப்பக்கத்தில்தான் எல்லைக்கோடும் இருக்கிறது. எதிராளியைக் கோட்டுப் பக்கம் ஒதுக்குவதும், தன் பலமான பக்கத்துக்கு இழுப்பதும் ஒரே வேலையாகிவிடும்.

இடது ஓரத்தில் தடுப்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எதிராளியைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கினால் பந்து ரிவர்ஸ் பக்கம் போய்விடும். பலமான பக்கத்துக்கு இழுத்தால் எதிராளி களத்தின் நடுவே, கோல் இருக்கும் திசையில் திரும்பிவிடுவார். எதைச் செய்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். காலை எவ்வளவு வேகமாக மாற்றி வைக்கிறார், எதிராளி எந்த நொடியில் பந்தைக் கொஞ்சம் தள்ளி விடுவார் என்று எவ்வளவு முன்னால் கணிக்கிறார் என்பதில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று எட்டாவது தங்கத்தைக் கொண்டுவந்த அணி அது. பாஸ்கரன் ஆடிய இடம் லெஃப்ட் ஹாஃப். அந்த இடதுபக்கத்துத் தலைவலியைச் சுமந்துகொண்டே முன்வரிசைக்குப் பந்து ஊட்ட வேண்டிய இடம். ஹாஃப் என்ற பெயரிலேயே பாதி இங்கே, பாதி அங்கே என்று இருக்கிறது. என் கணக்கில் களத்தில் மிகக் குறைவாகப் பாராட்டப்படும் வேலை அதுதான். கோல் பட்டியலில் பெயர் வராது, தடுத்த பந்துகளின் பட்டியல் என்று ஒன்றை அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

இனி அந்த ஓரிரு நொடிக்கு வருவோம்.

தாக்கப் போன ஒருவரிடமிருந்து பந்து பறிபோகிறது. அந்தக் கணத்தில் பந்தைப் பறித்தவருக்கு மிக அருகில் இருப்பவர் யார்? பறிகொடுத்தவர்தான். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரம். இந்த அருகாமைக்கு என்ன மதிப்பு என்பதைக் கோணக் கணக்கு சொல்லும். ஹாக்கி மட்டையின் நீளம் அதிகபட்சம் 105 சென்டிமீட்டர். மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்தினால் ஒரு மீட்டர் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவரிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி அந்த வேலியைப் போட்டால் அவருடைய பார்வையில் சுமார் 6 டிகிரிதான் அடைபடும். இரண்டு மீட்டரில் போட்டால் 27 டிகிரி. அதே மட்டை, அதே ஆள், நாலரை மடங்கு கதவு மூடுகிறது. போதாததற்கு, பந்தைப் பறித்தவர் அந்தக் கணத்தில் இன்னும் அதைச் சரியாக அடக்கவில்லை. குனிந்திருக்கிறார், கண் தரையில் இருக்கிறது. தன் ஆட்கள் எங்கே என்று நிமிர்ந்து பார்க்க அவருக்கு ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடியைக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கொடுத்துவிட்டால் அப்புறம் துரத்திப் பயனில்லை. நன்றாக அடித்த பந்து ஓடுகிற மனிதனைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் போகும்.

ஆக, தடுக்கச் சிறந்த இடத்தில் நிற்பவர் பந்தைப் பறிகொடுத்தவரே. அதே சமயம், தடுக்க மிக மோசமான நிலையில் இருப்பவரும் அவரே. உடல் முழு வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, சமநிலை குலைந்திருக்கிறது, தசையில் இருந்த எரிபொருளை இப்போதுதான் கொட்டித் தீர்த்தார். மனசும் ஒரு கணம் "சே" என்று நிற்கிறது. இந்த முரணுக்குள்தான் முழு ஆட்டக்காரர் என்பவர் பிறக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தாக்கத் தெரிவதும் தடுக்கத் தெரிவதும் பயிற்சியில் வந்துவிடும். ஒன்று தோற்ற நொடியிலேயே மற்றொன்றைத் தொடங்குவதற்கு உடல் தனியாகத் தயாராக வேண்டும்.

எப்படித் தயாராகிறது? நம் ஊர் வீடுகளில் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே போர்வெல் மோட்டார். குழாயைத் திறந்தால் தண்ணீர் தொட்டியிலிருந்து வேகமாகக் கொட்டும், மோட்டார் மெதுவாக நிரப்பும். தசைக்குள்ளும் இதே ஏற்பாடு. வெடித்துக் கிளம்பும் ஓட்டத்துக்கு உடனடிச் சக்தி தருவது பாஸ்போகிரியாட்டின் என்ற சேர்மம். இது மேல்தொட்டி. முழு வேகத்தில் ஓடினால் பத்து நொடிக்குள் பெரும்பகுதி காலி. அதை மறுபடி நிரப்புவது ஆக்சிஜனைக் கொண்டு மெதுவாக, ஆனால் ஓயாமல் வேலை செய்யும் இன்னொரு ஏற்பாடு. இது மோட்டார். பாதி நிரம்ப அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். முழுதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம்.

மோட்டாருக்குக் கரண்ட் மாதிரி இதற்கு ஆக்சிஜன். சுவீடன் ஆய்வாளர்கள் 1970-களில் ஒரு சோதனை செய்தார்கள். தொடைத் தசையைக் களைப்படைய வைத்து, ஊசியால் துளித் தசையை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஓடினால் தொட்டி நிரம்பியது. காலுக்குக் காற்றுப்பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் நிரம்பவே இல்லை. நின்று ஓய்வெடுத்தால் மட்டும் போதாது, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அதில் தெரிந்தது.

இதில் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. வேகமாக ஓடுகிறவரை நாம் மாரத்தான் ஓடுகிறவரிலிருந்து பிரித்தே பார்க்கிறோம். ஒருவருக்கு வெடிப்பு, மற்றவருக்குப் பொறுமை. ஆனால் ஒரே ஒரு முறை வேகமாக ஓடுவதற்குத்தான் பெரிய தொட்டி போதும். இருபதாவது முறையும் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்றால் பெரிய மோட்டார் வேண்டும். முன்னே பாய்வது முதல் ஓட்டம், பந்தை இழந்து திரும்புவது இரண்டாவது ஓட்டம். இரண்டுக்கும் நடுவே நிரப்ப நேரமே இல்லை. ஆட்டம் முழுக்க இப்படி நடக்கும்போது, மோட்டார் சின்னதாக உள்ளவர் ஒரு திசையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வார். நாம் அவரைச் சோம்பேறி என்போம். அவர் செய்வது தொட்டியில் தண்ணீர் பார்த்துக் குழாய் திறக்கும் வேலை.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ என்ற உடலியலாளர் உருவாக்கிய யோ-யோ சோதனை இதைத்தான் அளக்கிறது. 20 மீட்டர் போய், திரும்பி வந்து, பத்து நொடி இளைப்பாறல். மறுபடி. ஒவ்வொரு படியிலும் பீப் சத்தம் விரைவாக வரும். எவ்வளவு வேகம் என்பதோடு, பத்து நொடியில் எவ்வளவு மீண்டு எழுகிறாய் என்பதும் கேள்வி. இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் இந்தச் சோதனையில் புரண்டு எழுந்துதான் இன்றைய உடல்வாகுக்கு வந்தன. பெண்கள் அணியின் அறிவியல் ஆலோசகராக இருந்த வேய்ன் லொம்பார்டின் காலத்தில்தான் அந்த அணி டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போனது.

ஓட்டத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு: நிற்பது. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ்ஸையும் இடைநில்லாப் பேருந்தையும் ஒப்பிட்டு டீசல் கணக்குக் கேட்டால் ஓட்டுநர் சொல்வார், தூரம் தின்பதைவிட நிறுத்தம் தின்பது அதிகம் என்று. 70 கிலோ எடையுள்ள ஆள் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடினால் அவரிடம் இருப்பது சுமார் 2,240 ஜூல் இயக்க ஆற்றல். திரும்ப வேண்டுமானால் அத்தனையையும் இரண்டு மூன்று எட்டுக்குள் தொடைத் தசையே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. சுருங்கும்போது இறுகுவதைவிட இப்படி நீளும்போது இறுகுவதுதான் தசை இழைகளை அதிகம் கிழிக்கும். மலை ஏறிய அன்றைக்கு வலிக்காத தொடை, இறங்கிய மறுநாள் வலிப்பதற்கும் இதுவே காரணம். பழனி படி இறங்கி வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிறகு பூச்சியத்திலிருந்து மறுபடி 8 மீட்டர் வேகம், எதிர்த்திசையில். இதையெல்லாம் குனிந்தபடி, கையில் மட்டையோடு செய்ய வேண்டும். பந்தை ஓட்டிக்கொண்டு ஓடும்போது அதே வேகத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வேக்காரர் கெயர் யோர்டெட், கால்பந்து ஆட்டக்காரர்களின் கழுத்தை மட்டும் வீடியோவில் பார்த்து ஆய்வு செய்தவர். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் அடிக்கடி தோளுக்குப் பின்னே திரும்பிப் பார்ப்பவர்கள் தரும் பாஸ்கள் அதிகம் பலிக்கின்றன என்று கண்டார். கால்பந்தில் நிமிர்ந்து ஓடலாம். ஹாக்கியில் முதுகு வளைந்திருப்பதால் பார்வை தானாகத் தரைக்குப் போகும். அதை மீறிக் கழுத்தைத் திருப்புகிறவர், பந்து பறிபோவதற்கு முன்பே, போனால் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிறார். நான் முதலில் கண்ணைத்தான் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். இப்போது தொட்டியும் மோட்டாரும்தான் முதலில் என்று நினைக்கிறேன். களைத்தவன் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

இந்த இடத்தில் மில் அண்ணன் பக்கமும் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஹாக்கியில் 1992 முதல் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதே இல்லை, ஒருவர் வெளியே வந்ததும் இன்னொருவர் உள்ளே. ஐந்தாறு நிமிடம் வெறிபிடித்து ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இப்போது 15 நிமிடப் பகுதிகள் நான்கு. நடுவே இடைவேளைகள் வேறு. அப்படியிருக்க ஒரே ஆள் எதற்கு இரண்டு வேலையும் செய்ய வேண்டும்? தாக்குகிறவனைத் தாக்கவிட்டு, தடுக்கிறவனைத் தடுக்கவிட்டால் என்ன?

அமெரிக்கக் கால்பந்து அப்படித்தான் போனது. அங்கே தாக்க ஒரு கூட்டம், தடுக்க இன்னொரு கூட்டம். அது சாத்தியமாவது, அந்த ஆட்டம் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நின்று மூச்சு வாங்குவதால். ஹாக்கியில் பந்து கைமாறும் நொடி யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரிந்தாலும் ஓரத்திலிருந்து ஆள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மாற்று விதி வந்ததால் முழு ஆட்டக்காரர் தேவையற்றுப்போகவில்லை. பழைய ஹாக்கியில் ஒரு ஃபார்வர்ட் எதிரணியின் 'டி' (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) அருகே இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கலாம். இப்போது மூச்சு வாங்குவதற்கு பெஞ்ச் இருக்கிறது, களத்துக்குள் நிற்கச் சாக்கு இல்லை. 1990-களின் இறுதியில் ஆஃப்சைடு விதியும் போய்விட்டது. தாக்குகிறவர்கள் கோல் வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்றானதும் தடுப்பவர்கள் பின்னுக்குப் போனார்கள், நடுவே பெரிய வெளி பிறந்தது. அந்த வெளியில் இரண்டு திசையிலும் ஓடக் கூடியவர்களுக்குத்தான் விலை ஏறியது. உலக ஹாக்கி அமைப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை முதன்முதலில் பெற்ற இந்திய ஆண் மன்பிரீத் சிங், 2019-ஆம் ஆண்டுக்காக. 2023-இல் ஹர்திக் சிங். இருவரும் நடுக்களக்காரர்கள். அண்ணனுக்காக நேர்மையோடு சேர்த்துச் சொல்கிறேன்: நடுவிலும் பிறகு 2024-இலும் அதைப் பெற்ற ஹர்மன்பிரீத் சிங் பின்களத்தில் நின்று பெனால்டி கார்னரில் கோல் போடுகிறவர். கோலுக்கு மதிப்பு இல்லை என்று யார் சொன்னது?

பெனால்டி கார்னரில் இன்னொரு ஆளையும் பார்க்கலாம், தடுக்கும் அணியில் கோல்கோட்டை விட்டு முதலில் பாய்ந்து வருகிறவர். 'டி'யின் உச்சியிலிருந்து கோலுக்கு 14.63 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து வீசும் பந்து அந்தத் தூரத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும். மனிதன் கண்டதற்குக் கை அசைக்கவே ஐந்தில் ஒரு நொடி தேவை. அதனால் அவர் பந்தைப் பார்த்துத் தடுக்கப் போவதில்லை, பந்து வரக் கூடிய பாதைக்குள் தன் உடம்பையே கொண்டுபோய் வைக்கிறார். டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி ஆறு நொடி மிச்சமிருக்க ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் வந்தது. அந்தத் தொடரில் அப்படிப் பாய்ந்து பாய்ந்து உடம்பைக் கொடுத்தவர்தான் ரோஹிதாஸ். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அவர் வெளியேறியபோது அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது என்பது இப்போது கனமாகத் தெரியும்.

இதையெல்லாம் எண்ணில் அடைக்க முடியுமா? பனி ஹாக்கிக்காரர்கள் முயன்றார்கள். நீ களத்தில் இருக்கும்போது உன் அணி கோல் போட்டால் உனக்கு ஒன்று கூட்டு, வாங்கினால் ஒன்று கழி. பாபி ஓர் 1970-71 பருவத்தில் 124 கூட்டு வைத்திருந்தார், இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. அழகான கணக்கு, ஆனால் ஓட்டையானது. நல்ல அணியில் சும்மா நின்றவனுக்கும் கூட்டு விழும். எதிரணியின் மிகப் பெரிய ஆளைக் கட்டுப்படுத்த அனுப்பப்படுகிறவனுக்குக் கழித்தல் விழும். கஷ்டமான வேலையை யாருக்குக் கொடுக்கிறார்களோ அவரையே தண்டிக்கும் கணக்கு. அலுவலகங்களிலும் இப்படி ஒரு கணக்கு ஓடுவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம்.

இப்போது ஆட்டக்காரர்களின் முதுகில், சட்டைக்குள் தீப்பெட்டி அளவு ஜிபிஎஸ் கருவி வைக்கிறார்கள். எவ்வளவு ஓடினார், எத்தனை முறை வேகமெடுத்தார், எத்தனை முறை சடாரென்று நின்றார் என்று அது சொல்லும். பந்து போன பிறகு ஏன் ஓடினார் என்பதை அது சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க ஓர் உதாரணம், இந்திய அணியின் ஃபார்வர்ட் கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் பயிற்சி எடுத்தவர். 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். அடுத்த ஆண்டு சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்த தொடரில், சொந்த மாநிலத்துக் கூட்டத்தின் முன்னால் மலேசியாவுக்கு எதிராகவும் போட்டார். அதே தொடரின் இறுதியாட்டத்தில் அதே மலேசியாவிடம் இடைவேளையில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று ஜெயித்தது. உடற்கல்வி சார் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது கோல்களைச் சொல்லவே மாட்டார். "இந்தக் காலத்துல ஃபார்வர்டுதான் மொத டிஃபன்ஸ். முன்னால இருக்கிறவன் துரத்துனாத்தான் பின்னால இருக்கிறவன் பிழைப்பான்" என்பார்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 நாட்டு அணிகள். மதுரைக்கு நமக்கு இரண்டு மணி நேரப் பஸ் பயணம், விடுவோமா? சாரும் மில் அண்ணனும் நானும் போனோம். புது நீல டர்ஃப் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று கிடந்தது. உட்கார்ந்ததும் சார் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பகுதி முழுக்க, 15 நிமிடம், ஒரே ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது.

பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். பல்லி பூச்சியைப் பார்ப்பது போல் கண் அதனிடமே ஓடும். நான் நடுக்களத்து 8-ஆம் எண் பையனைப் பிடித்துக்கொண்டேன். முதல் மூன்று நிமிடத்தில் அவன் பந்தைத் தொட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. ஓடினான், நின்றான், கழுத்தைத் திருப்பினான், நாலு எட்டு பின்னால் வந்தான், மறுபடி ஓடினான். ஒருமுறை பந்தோடு இருவருக்கு நடுவே புகுந்து மாட்டி, குப்புற விழுந்தான். எழும்போதே முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மட்டையைத் தரையில் கிடத்தியபடி தன் கோல் பக்கம் ஓடிவந்தான். அவன் ஓடியதால் எதிரணியின் பந்து நேரே வராமல் பக்கவாட்டில் போயிற்று. பக்கவாட்டில் போனதால் அவன் அணியின் பின்களம் வந்து சேர்ந்தது. அப்புறம் அவன் முட்டியில் கைவைத்துக் குனிந்து நின்றான். தொட்டி நிரம்பக் காத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் அரங்கமே எழுந்து கத்தியது. நாற்பது மீட்டர் தள்ளி எங்கோ கோல் விழுந்திருந்தது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதும் அண்ணன் திரும்பிக் கேட்டார்: "அந்த கோலு, சைடுலருந்து வந்ததா, நேராவா? யாரு போட்டது?"

"தெரியலண்ணே. நான் பார்க்கல."

"நானும்தான்" என்றார் அண்ணன்.